முப்பது கிலோ

சுன்னாகச் சந்தையில் வெங்காயம் நிறுக்கிற
தொங்கு தராசை இரவல் தந்தார் சற்குணராசா.
"மாலைதீவுப் பிள்ளையளுக்கு
இங்கிலீசு தெரியாதாமோ ரீச்சர்?"
தெரியும். என்னைவிட நல்லாய்க்கூடத் தெரியலாம்.
ஆனால் அங்கே சம்பளம் டொலரில்,
இங்கே கூரைக்கடன் ரூபாயில்.

விமானத்தில் முப்பது கிலோ விடுவார்கள்.
கோண்டாவில் வீட்டு நடு அறையில்
வாயைப் பிளந்து கிடக்கிறது சூட்கேஸ்,
பல்லு வைத்தியரிடம் போன ஆளைப்போல.

முதலில் அகராதி.
இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.
வைத்தேன். எடுத்தேன்.
மறுபடி வைத்தேன், சாறிக்கு அடியில்,
என் கண்ணுக்கே தெரியாமல்.

இரண்டு வருசம் அங்கே படிப்பித்த விமலாம்பிகை
குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.
"புத்தகம் அவங்களே தருவாங்கள்.
செலோரேப் கொண்டு வராதை, உப்புக் காத்துக்கு ஒட்டாது.
எல்லாத்தையும் லமினேற் பண்ணு.
குடும்பப் படம் ஒண்டு கட்டாயம்.
முதல் நாள் அவையள் அதைத்தான் கேப்பினம்."

படஅட்டைகளைத் தரையில் பரப்பினேன்.
அப்பிள்: காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகையில்
வாங்கிப் போகிற பழம்.
ஆறு, மலை, ரெயில்.
அந்தத் தீவில் இவை ஒன்றும் இல்லையாம்.
எங்களிடம் மட்டும்?
மழை பெய்தால்தான் வழுக்கையாறும் ஆறு.
மலையை நான் முதலில் கண்டது
பயிற்சிக் கலாசாலைக்குப் போன வயதில்.
பதினேழு வருசமாய் நீலச் சோக்கால் ஒரு கோடு கீறி
ஆறு என்று சொல்லி வந்திருக்கிறேன்;
பிள்ளைகளும் நம்பினார்கள்.
அந்த அட்டையை வைத்துக்கொண்டேன்.
ரெயிலை விட்டேன்.

ஆஸ்பத்திரி வீதிச் சாப்பாட்டுக்கடை விலைப்பட்டியல்.
அதில் சோறு என்கிற ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழைத்து
'எழும்பு' என்று நிற்கிறது.
பொரித்த எழும்பு, மரக்கறி எழும்பு, கோழி எழும்பு.
பிழை திருத்தும் பாடத்துக்கு இதைவிட என்ன வேணும்?
முதலாளியிடம் கேட்டேன், இரண்டு தந்தார்.
இன்றுவரை ஏனென்று அவருக்குத் தெரியாது.

எழுநூற்றைம்பதாம் இலக்க பஸ் ரிக்கெற்றுகள்,
மும்மொழி மின்சார பில்,
நேரத்துக்கு உண்டது நினைவில்லாத ஒரு மாத்திரைத் துண்டு,
கட்டளை வாக்கியத்துக்குத் தேயிலைப் பெட்டி:
'கொதிநீர் ஊற்று. மூன்று நிமிடம் பொறு.'

கட்டளை வாக்கியம் நான் படித்தது
தேயிலைப் பெட்டியில் இல்லை.
இடம்பெயர்ந்து திரும்பிய வருசம், பதின்மூன்று வயது.
பள்ளிக்குப் போகிற குறுக்குப் பாதையில்
சிவப்புப் பலகை, மண்டையோடு,
மூன்று மொழியிலும் ஒரே சொல்.
நில்.
எழுவாய் எங்கே என்று வகுப்பில் கேட்டேன்.
மறைந்திருக்கு, அது நீதான் என்றார் மிஸ்.

அந்தப் பலகையின் படம் என்னிடம் இருக்கிறது.
கொண்டுபோக நினைக்கவில்லை.
கொக்குவில் சந்திக் கடைப் பெடியன்
கட்டோடு கட்டாய் அதையும் லமினேற் பண்ணிவிட்டான்.
எண்பது ரூபாய். இன்னும் சூடாய் இருந்தது.
கிழித்தாலும் கிழியாது இனி.
கோப்பின் பின் மடிப்பில் செருகினேன்.
எடுப்பேனோ தெரியாது.

தீராந்தியில் தராசைக் கொழுவி நிறுத்தால்
முப்பத்திரண்டு.
அகராதி வெளியே வந்தது. பிறகு சப்பாத்து.
எல்லாவற்றையும் கொட்டி
முதலில் இருந்து தொடங்குகையில்
வெறும் சூட்கேசுக்குள் ஏறிக் குந்தினாள் கபிசனா.
"என்னை நிறுங்கோ."
தகப்பன் தூக்கிக் கொழுவினார்.
முள் ஆடி ஆடி நின்றது:
பெட்டியோடு சேர்த்து இருபத்தொன்பதரை.

"அரைக் கிலோ மிச்சம் அம்மா.
அதுக்கு என்ன வைப்பியள்?"
சோக்கு, என்றேன்.
"அங்கை வெள்ளைப் பலகையாம்.
விமலா அன்ரி சொன்னவ."

இறக்கிவிட்டோம்.
விடிய நாலரைக்கு வெங்காய லொறி வரும்.
அதற்குள் தராசைக் கொண்டுபோய்க் கொடுக்க வேணும்.