ரிவர்ஸ் இல்லாத பிப்ரவரி

மூன்று இருக்கிறது என்னிடம்.
மூன்றும் ஒரே வார்ப்பு, ஒரே பிளக், ஏறத்தாழ ஒரே எடை.
ஒன்பது இலக்கம்வரை ஒரே எண்.
அதற்குப் பிறகு வரும் ஒற்றை எழுத்தில்தான்
மூன்றும் மூன்று வம்சம்.

ஔஸ்தேயாவின் காருக்கடியில் படுத்து
விளக்கடித்துப் பார்த்தேன்.
அந்த ஓர் எழுத்து இருந்த இடத்தை மட்டும்
எண்ணெய் தின்றிருந்தது.

அவள் மாட்டு டாக்டர்.
மரியாம்போலேயைச் சுற்றி நாற்பது பண்ணை.
இரட்டை கிளட்ச் கியர்பெட்டி
ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி:
ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஒன்றில் வேகும்.
இரண்டு, நான்கு, ஆறு மற்றதில்.
ரிவர்ஸும் அங்கேதான்.
அந்த அடுப்பு அணைந்து பத்தொன்பது நாள்.

கன்று எப்படி விழுந்திருக்கிறது என்று கேட்பதற்கு முன்
முற்றத்தில் வண்டி வளைக்க இடமுண்டா
என்று கேட்கிறாளாம் போனில்.
இடமில்லாத வீடுகளில்
கறவை முடிந்த பையன்கள்
பானட்டில் கைவைத்துப் பனியில் தள்ளுகிறார்கள்.
என் வாசலிலும்
மூக்கைத் தெருப்பக்கம் வைத்தே நிறுத்தியிருந்தாள்.

டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் ஒட்டிய தாள்
ஒரு குறியீடு சொன்னது.
கேபிளைச் செருகினோம்,
கணினியும் அதையே சொன்னது.
ஸ்கிர்மாந்தஸ் எழுந்து கோட்டை மாட்டினான்:
"எம்மைக் கொடுத்தனுப்பு. தொண்ணூறு சதவீதம் எம்தான்."

மீதிப் பத்து சதவீதம்
எப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்
கயிறு கட்டி இழுக்கப்பட்டு இதே வாசலுக்கு வரும்.

மறுபடி படுத்தேன்.
கியர்பெட்டியின் கழுத்தோரம், ஸ்டார்ட்டருக்குக் கீழே
கட்டைவிரலால் கிரீஸை வழித்தால்
உலோகத்தில் குத்திய மூன்று எழுத்து.
தாளில் இருந்தவை அல்ல.

யாரோ, என்றோ, எந்த ஊரிலோ
கியர்பெட்டியையே மாற்றிவிட்டு
கம்ப்யூட்டருக்குப் பழைய பெயரையே
மனப்பாடம் செய்வித்திருக்கிறார்கள்.
உலோகம் பொய் சொல்லாது என்று நான் சொல்லமாட்டேன்.
உலோகத்தைப் பொய் சொல்லவைக்கச் செலவு அதிகம்,
அவ்வளவுதான்.

ஆனால் சாட்சி இரண்டுக்கு ஒன்று.
பட்டியலைப் பிரித்தேன்:
தாள் சொல்வது சரியென்றால்
மூன்றாவது கியரில், ஐம்பது கிலோமீட்டரில்
முள் இரண்டாயிரத்தில் நிற்கவேண்டும்.
உலோகம் சரியென்றால் இன்னும் முந்நூறு மேலே.
ஓட்டிப் பார்க்கலாம் என்று சாவிக்குக் கை நீட்டினேன்.

"இரண்டாயிரத்து முந்நூறு,"
என்றாள் ஔஸ்தேயா,
குளிரில் சிவந்த கையை இடுக்கில் வைத்துக்கொண்டு.
"பத்தொன்பது நாளாக
மூன்றாவதோடுதானே குடித்தனம்."

எம் இல்லை. பி.
அலமாரியில் பின்னால் தள்ளிக் கிடந்தது,
யாரும் கேட்காததால்
விலைகூட எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பழைய கார் நினைவிருந்தது:
போலந்துப் பதிவு, பதினேழு எழுத்துச் சேஸிஸ் எண்.
அதை மறக்கவைக்க ஒரு மணிநேரம்.
பிறகு இன்ஜின் ஓட, யாரும் தொடாமல்,
உள்ளேயிருந்து டக், டக் என்று
ஒவ்வொரு கியராய் விரல்விட்டுப் பார்த்தது,
கிளட்ச் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று.
ஸ்கிர்மாந்தஸ் கோட்டுடனே நின்று கேட்டான்.
தான் சொன்ன எம் பற்றி
இன்றுவரை ஒரு வார்த்தையில்லை.

அடுத்த வாரம் காசு மீதி தர வந்தாள்.
நடுங்கவில்லை, உதைக்கவில்லை,
இரண்டாவது கியர் எப்படியிருக்கும் என்பதே
மறந்துபோயிருந்ததாம்.
ஒரு பண்ணையில் மட்டும் சிக்கல்:
இவள் பின்னால் எடுக்க,
வழக்கம்போல் ஓடிவந்த பையன்கள்
பானட்டுக்குக் கை நீட்டி
காற்றைத் தள்ளி
குப்புற விழுந்தார்கள் பனியில்,
இரண்டு பேரும்.