காற்றுக்கூலி

உலாங்கோமில் ஏப்ரல் என்பது
வெறும் காலண்டர்ச் செய்தி.
ஈரமணலில் விதை புதைத்த பால்பவுடர் டப்பாவைப்
பனிக்கடியிலிருந்து தோண்டினேன்.
மண்வெட்டி நெளிந்தது.
டப்பா நெளியவில்லை.

இருபத்துமூன்று விதை.
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது,
பாலீஷ் போட்ட பூட்ஸின் நிறம்.
ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில்
சாறு பிழிந்த சக்கையில் பொறுக்கியவை.
சாட்சர்கான்.
வெந்த தோலுக்கு இதன் எண்ணெயைத்தான்
தீக்காய வார்டில்
இருபது வருடமாய்ப் பூசுகிறேன்.
செடியை மட்டும் வளர்த்ததில்லை.

ஒன்பது முளைத்தன.
ஒன்றை ஆடு தின்றது,
ஒன்றை என் மகனின் சைக்கிள்.
மிச்சம் ஏழுக்கும் வேலி போட்டேன்
பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பிகளால்.

முதல் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்துநான்கு.
டீசல் கூழானது.
பக்கத்துக் கொம்போஜவின் பசு
நின்ற நிலையிலேயே செத்தது.
ஏழும் ஏழு குச்சிகளாய் நின்றன.
உயிர் இருக்கிறதா என்று
நகத்தால் ஒன்றைக் கீறினேன்.
உள்ளே பச்சை.
செடியிடம் யார் மன்னிப்புக் கேட்பார்கள்?
கீறிய இடத்தில் விரலைக்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

நான்காம் குளிரில் மொட்டு.
பருத்த மொட்டு, செதில்மேல் செதிலாக.
வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த கொம்போஜவ்
பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.
"யஞ்மா, ஏழும் ஆண்!"

பெண்செடியில்தான் பழம்.
விதையின்மேல் அது எழுதியிருப்பதில்லை.
நான்கு வருடம் தண்ணீர் சுமந்த தோள்
அன்றைக்குத்தான் வலித்தது.
வெட்டிப் போடச் சொல்லிக்
கோடாரியும் அவரே இரவல் தந்தார்.
அது என் வாசலில் சாய்ந்தே கிடந்தது.
இரவு ட்யூட்டி, பகல் தூக்கம்,
வெட்ட எங்கே நேரம் என்று
கேட்டவர்களிடம் சொன்னேன்.

மே மாதம், மூன்று நாள் காற்று.
பூ என்று சொல்ல முடியாத பூ,
வெறும் மஞ்சள் தூசி.
கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டைகளைத்
திட்டிக்கொண்டே மறுபடி துவைத்தேன்.
தூசி எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

கொம்போஜவின் ஒற்றை ஆண்செடி
பசு செத்த அதே குளிரில் பட்டுப்போயிருந்தது.
மூன்று கோடை அவர் செடிகள்
இலையை மட்டும் காட்டி நின்றதை
அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர்.
பழம் கல்லாய் உறைந்த காலை.
தடியால் கிளையைத் தட்டும் ஓசை,
தார்ப்பாயில் பொலபொலவென்று ஆரஞ்சு.
ஒரு வாளி. இன்னொரு வாளி.
இன்னும் ஒன்று.
என் பக்கம் திரும்பவேயில்லை மனிதர்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
காற்றுக்கூலி. மே மாதம். மூன்று நாள்.
ஆள், ஏழு பேர்.
கீழே கையெழுத்து.
கோடாரிக் காம்பில் சுற்றிக் கட்டி
அவர் வேலியில் சாய்த்துவிட்டு
ட்யூட்டிக்குப் போனேன்.

காலையில் வந்து பார்க்கிறேன்,
கோடாரி அங்கேயே நிற்கிறது.
சீட்டு இல்லை, நூல் மட்டும் ஆடுகிறது.
கொம்போஜவ் எடுத்தாரோ,
வேலை செய்தவனே வந்து
வாங்கிப் போனானோ.