அரை மாத்திரை

எனக்குப் பதிலாக வந்தவன்
ஷூ பெட்டி அளவுதான் இருந்தான்.
சம்பளம் கேட்கவில்லை.
வியர்க்கவில்லை.
இடைவேளையில் சிகரெட்டுக்கு வெளியே போய்
மழையோடு திரும்பி வரவில்லை.

வில்லமைன்தான் தொலைபேசியில் சொன்னாள்:
"ஹெர்பன், இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் இல்லை."

இருபத்திரண்டு வருடம்
அவள் முதுகைப் பார்த்தே வாசித்தவன் நான்.
தோள்பட்டை எப்போது உயரும்,
எந்த வரிக்கு முன்னால்
இடது குதிகால் தரையை விட்டு எழும்,
எல்லாம் தெரியும்.
அன்றைக்கு அவள் முகத்தை
நினைவுக்குக் கொண்டுவரத்தான்
கொஞ்சம் நேரம் பிடித்தது.

சரி என்றேன்.
அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது.
அது பாத்திரத்தில் மோதும் சத்தத்தை எண்ணினேன்.
அதுவும் நான்கு நான்காகவே வந்தது.

•

பையன் பெயர் அடெரிட்டோ.
அவன் தாத்தா கேப் வெர்டேயிலிருந்து
கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டபடி
ராட்டர்டாம் வந்து இறங்கியவராம்.
பேரன் துறைமுகத்தையே பதிவு செய்கிறான்:
கன்டெய்னர் தரை தொடும் ஓசை,
திருப்பத்தில் டிராம் போடும் கிறீச்சு,
மாஸ் நதியில் யாரோ எறிந்த சைக்கிள்.
எல்லாவற்றையும் அடுக்கினால்
நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு அடி.
ஒன்று குறையாது, ஒன்று கூடாது.

பேஸ் கிட்டார்க்காரன் ரூட்கர் சொன்னான்,
அவனை ஒரு பாட்டுக்கு மட்டும் வைத்திருந்தார்கள்:
"அவள் குரலிலிருந்து
மெய்யெழுத்தையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டான்.
உயிர் மட்டும்தான் மிச்சம்.
ஒரே ஆ,
முப்பத்திரண்டு தடவை."
நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.
பீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

•

வெளியீட்டு இரவு. பழைய தானியக் கிடங்கு.
டிக்கெட்டை என் காசில்தான் வாங்கினேன்.

எங்கள் ஆட்கள் பின்சுவரோரம்
தோல் ஜாக்கெட்டில் கைகட்டி நின்றார்கள்,
பெண் பார்க்க வந்த மாமன்கள் மாதிரி.
"கிட்டார் எங்கே?" என்று ஒருவர் கத்தினார்.
கிட்டார் இருந்தது.
தண்ணீருக்கு அடியில் மரம் அறுப்பதுபோல் இருந்தது.

முன்னால் இளசுகள்.
இமையில் மினுக்குப் பொடி பூசிய ஒருத்தி
"யார் இந்த அம்மா?" என்று என்னைக் கேட்டாள்.
பதில் சொல்வதற்குள் குதிக்கப் போய்விட்டாள்.
அவளோடு வந்தவன் உள்ளங்கையை விரித்தான்:
மாத்திரை வேண்டுமா?

எனக்கு வேண்டியதும் மாத்திரைதான் தம்பி,
அதிலும் பாதி.
ஆனால் இது இல்லை.
கண்ணை ஒருமுறை இமைக்கிற நேரம் ஒரு மாத்திரை.
வில்லமைன் எப்போதும்
அதில் பாதி பிந்தித்தான் வருவாள்.
பல்லவியின் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவள்போல
ஒரு தயக்கம்.
அதற்காகக் குச்சியைக் காற்றில் பிடித்திருப்பேன்.
என் வேலை முழுக்க அதுதான்.
பெட்டி யாருக்கும் காத்திருக்காது.

ஆறு பாட்டு வரை காத்திருக்கவில்லை.
அவள் மூச்சிரைக்க ஓடிப் பிடித்தாள்.
அது அழகாகக்கூட இருந்தது,
ஒப்புக்கொள்ள எரிச்சலாக இருந்தாலும்.

ஏழாவதில்
பெட்டி தயங்கியது.

என் தயக்கம்.
சொந்தக் கையெழுத்தை
இன்னொருவன் சட்டைப்பையில் பார்த்ததுபோல்
காது சுட்டது.
பழைய மேடைப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு
அளந்து எடுத்திருக்கிறான் திருட்டுப் பயல்.
கம்பித் தடுப்பில் தட்டிக்கொண்டிருந்த என் கை
அந்த ஆளில்லாத கையோடு
ஒரே இடத்தில் இறங்கியது.

பழக்கத்தில் வில்லமைன் பின்னால் திரும்பினாள்.
அங்கே ஒரு பச்சை விளக்கு
அணைந்து அணைந்து எரிந்தது.
திரும்ப எங்கள் பக்கம் வந்தாள்.
கண்ணை மூடிப் பாடினாள்.

கண்ணை மூடித்தான் பாடுவாள் என்று
என்னிடம் யாரும் சொன்னதே இல்லை.

•

வாசலில் இசைத்தட்டு விற்றார்கள்.
பின்னட்டையில் பொடி எழுத்தில் பெயர்கள்:
குரல், கிட்டார், மின்னணு ஒலிகள்,
அதற்கும் கீழே
தாமதம்: ஹெர்பன்.

இருபத்தெட்டு யூரோ என்றாள் விற்பவள்.
அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்து
பணத்தைக் கொடுத்தேன்.
வீட்டில் பிளேயரின் ஊசி உடைந்து
மூன்று மாதம் ஆகிறது.