விசேஷம் ஒன்றுமில்லை

அறுப்பு முடிந்து நெல்லும் கொடுத்தாயிற்று.
உரக்கடன் போக, மெசின் கூலி போக
இருபத்தெட்டாயிரம் மிச்சம்.
கிணற்றுக்கட்டுக்கென்று எடுத்துவைத்த அதை
பவளராணி இரண்டுதரம் எண்ணிவிட்டுச் சொன்னாள்:
"இஞ்சாருங்கோ, எங்கயாவது கடற்கரைப் பக்கம் போய்
ரெண்டு நாள் சும்மா இருந்திட்டு வருவமே?"

சும்மா.
இருபத்தாறு வருசத்தில்
அவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

மகள் மெல்பேணிலிருந்து படம் அனுப்பினாள்.
பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்.
நீலத் தொட்டி, அதற்குப் பின்னால் நீலக் கடல்.
"கடலுக்குப் பக்கத்தில தண்ணித் தொட்டி என்னத்துக்கு?"
கேட்டபடியே இவள்
விலையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
பெரிதாக்கத் தேவையிருக்கவில்லை.

திருகோணமலையில் சனம்.
மன்னாரில் அவளுடைய சித்தப்பா மகன்;
போனால் அவர்கள் வீட்டில்தான் தங்கவேண்டும்,
தங்கினால் இவள்தான் தேங்காய் துருவவேண்டும்.
பருத்தித்துறையில் என்னுடைய அக்கா.
நான் வாய் திறக்கவில்லை.

கடைசியில் வந்து நின்றது
மல்லாவியிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில்.
மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு,
அதற்கும் தெற்கே அளம்பில்.
யூட் அன்ரன் என்றொருவர்
வாடிக்குப் பக்கத்தில் இரண்டு அறை கட்டியிருக்கிறாராம்.
நம்பர் தந்தது சங்கக்கடை மனேச்சர்.

"எத்தினை பேர்?"
"ரெண்டு பேர்."
"பிள்ளையள்?"
"இல்லை, நாங்கள் மட்டும்."
"என்ன விசேஷம் ஐயா?"
"விசேஷம் ஒண்டுமில்லை."
கொஞ்சநேரம் அந்தப் பக்கம் கடல்தான் கதைத்தது.
"சத்தம் கித்தம் இருக்குமோ?"
"விடியப்புறம் கரைவலை இழுப்பினம்.
மற்றது இந்தச் சத்தம். இதை நிப்பாட்டேலாது."
பிறகு கேட்டார்:
"வாற திகதி சரி. போற திகதி?"

இந்த வாழ்க்கையில் நாங்கள்
பத்தொன்பது இடத்துக்கு வெளிக்கிட்டிருக்கிறோம்.
ஒருவரும் அதைக் கேட்டதில்லை.
போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன்.
கிராமிய வங்கிக் கலண்டரில்
பங்குனி இருபத்தொன்பதில் விரலை வைத்தாள்.
"மத்தியான பஸ் எண்டு சொல்லுங்கோ."

பழைய கொப்பி ஒற்றையில் எழுதினாள்:
சீலை மூன்று, சாரம் மூன்று,
சித்தாலேப, என்னுடைய பிரஷர்க் குளிசை,
நுளம்புத்திரி, ஒரு போத்தல் மிக்சர்.
காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களும் கிடக்கிற
பொலித்தீன் பையை எழுதவேயில்லை.
பாக்குக்குள் முதலில் போனது அதுதான்.
எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.
பின்னேரம் பார்த்தால் திரும்பவும் பாக்குக்குள்.
அதைப் பற்றி இரண்டுபேரும் கதைக்கவில்லை.

லைட் நூர்த்த பிறகு சொன்னாள்:
"அந்தக் கரையில மூண்டு மாசம் இருந்தனாங்கள்.
நான் ஒருநாளும் கடலைப் பாக்கேல்லை.
மேலதான் பாத்தனான்."

நான் பார்த்தேனா என்று யோசித்தேன்.
கஞ்சிக்கு உப்பில்லாத அன்று
பேணியோடு ஒருக்கால் போனேன்.
குனிந்து அள்ளினேன்.
நிமிர்ந்ததாக ஞாபகமில்லை.

"கடலுக்குள்ள இறங்குவியே?"
"முழங்கால் மட்டும். சீலையோட."
"வேற?"
"சமைக்கமாட்டன். ஒருத்தருக்கும் கோல் எடுக்கமாட்டன்.
அந்தாளிட்டச் சொல்லி ஒரு பாரை பொரிப்பிக்கவேணும்.
நீங்கள் ஆரோடையும் தேர்தல் கதைக்கக்கூடாது."
இருட்டுக்குள் தலையாட்டினேன்.
"வாயால சொல்லுங்கோ" என்றாள்.

கோழிகளுக்கு இன்னும் ஒரு வழி பிறக்கவில்லை.
முன்வளவுத் தர்மினி ஐந்தைத்தான் பார்ப்பாளாம்,
எங்களிடம் ஏழு.
யூட்டுக்கு இன்னொரு கோல் எடுக்கவைத்தாள்,
சாய்ந்திருக்கிற கதிரை ரெண்டு இருக்கோ,
கடலைப் பார்த்தபடி போடலாமோ என்று.

இருக்காம். போடலாமாம்.
ஒன்றுக்கு ஒரு பக்கக் கை இல்லையாம்.
அதில் நான் இருக்கிறேன்.