சனிக்கிழமைக் கைக்குட்டை

பொம்மை பீரோவின் சாவி
தனபாக்கியம் மேடத்திடம் இருக்கிறதாம்.
மேடம் இன்று லீவு,
கொழுந்தன் வீட்டுக் காதுகுத்து, அழகர்கோவிலில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கரடி ஒன்று தலைகீழாகக் கிடக்கிறது.
அப்பாக்கள் பிள்ளைகளைப் பார்க்கிற அறை இது,
மதுரை குடும்ப நீதிமன்றத்தில்,
பத்து மணியிலிருந்து பன்னிரண்டு.
சுவரில் யானை வரைந்திருக்கிறார்கள்.
தும்பிக்கை வர வேண்டிய இடத்தில் சுவிட்ச் போர்டு.

முத்திருளன் பத்து இருபதுக்கு வந்தார்.
மாட்டுத்தாவணியில் டிராஃபிக் என்றார்,
யாரிடம் என்றில்லாமல், யானையைப் பார்த்து.
வெறுங்கை.
சஷ்டிகா கரடியைக் கேட்டாள்.
பூட்டை ஆட்டிப் பார்த்தார்.
சட்டைப் பையைத் தடவினார்,
பேன்ட் பையைத் தடவினார்,
ஒரு கைக்குட்டையை எடுத்தார்.

நீலக் கட்டம்.
பெரியார் நிலையத்து நடைபாதையில் ஐம்பதுக்கு மூன்று.
கடைக்கார மடிப்பு இன்னும் கலையவில்லை,
கஞ்சியின் மொடமொடப்பு இங்கு வரை கேட்கிறது.
ஆறு வருஷம் அவர் கைக்குட்டைகளுக்கு
நான் இஸ்திரி போட்டிருக்கிறேன்.
நாலாக மடித்து, விளிம்போடு விளிம்பு.
வாரம் ஒன்றைத் தொலைப்பார்.
எங்கள் முதல் சண்டை அதில்தான் என்றால்
வக்கீல் சிரிப்பார். அதனால் சொல்லவில்லை.

எதிர்மூலை நாற்காலியில்
போனைப் பார்க்கிற மாதிரி இருக்கிறேன்.

மூலைக்கு மூலை சேர்த்து முக்கோணமாக்கினார்.
இரண்டு கோடியிலிருந்தும் சுருட்டிக்கொண்டே வந்து
நடுவில் முட்டவிட்டார்.
உச்சியில் தொங்கிய முனைகளை
ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால்
பைய இழுக்க,
துணி ஒரு குட்டிக்கரணம் போட்டது.

தொட்டில்.
தொட்டிலுக்குள் இரண்டு பாப்பா.

எங்கே கற்றார் இதை?
முட்டை உரித்தால்
பாதி வெள்ளையை ஓட்டோடு போடுகிற கை அது.

சஷ்டிகா ஆட்டிவிட்டாள்.
"ரெட்டைப் பிள்ளையாப்பா?"
"ஆமாத்தா."
"பேரு?"
"நீயே வை."
அவள் யோசிக்கவே இல்லை.
"ரெண்டும் நான்தான்.
ஒருத்தி அங்கிட்டு இருப்பா,
ஒருத்தி இங்கிட்டு."

அடுத்த மேசையில் ஒரு பையன்
மிக்சர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான்.
அந்தச் சத்தம் மட்டும்.

பன்னிரண்டுக்குக் கையெழுத்து.
பொம்மை எங்களோடு வந்தது.
மனுவில் பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது,
தீபாவளி யார் பக்கம், பொங்கல் யார் பக்கம் என்று இருக்கிறது.
கைக்குட்டை பற்றி ஒரு வரி இல்லை.

ஷேர் ஆட்டோ கோரிப்பாளையம் திரும்பும்போது
சஷ்டிகா தும்மினாள்.
அவசரத்துக்கு அதுதான் கையில் இருந்தது.
இரண்டு பாப்பாவும் அவிழ்ந்து வந்து
மூக்கைத் துடைத்துவிட்டுப் போயின.
"திரும்பப் பண்ணித் தா."

முக்கோணம் வந்தது. சுருட்டல் வந்தது.
குட்டிக்கரணம் மட்டும் வரவில்லை.
ராத்திரி போனில் பார்த்து ஏழு தடவை.
ஏழாவதில், குண்டாக, ஒரே பாப்பா.
"இன்னொண்ணு எங்கம்மா?"
"உள்ள தூங்குது."
நம்பவில்லை.
ஆனாலும் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள்.

வெள்ளிக்கிழமை துவைத்துக் காயப்போட்டேன்.
கஞ்சி போய்விட்டது,
துணி இப்போது சொன்னபடி கேட்கிறது.
இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது.
முதல் மடிப்பு போட்டேன்,
கை தானாக இரண்டாவதுக்குப் போனது.
உதறினேன்.
விரித்தபடி அவள் பைக்கு மேலே போட்டுவைத்தேன்.
நாளைக்குப் பத்து மணிக்கு
யார் எப்படி மடிக்கிறார்களோ மடிக்கட்டும்.