உண்மைப் பிரதி

எழுத்துரு ஒன்று தேடிப்போன இரவு.
காசு கட்டாத மென்பொருள்,
அதைத் திறக்க ஒரு கள்ளத் திறப்பு.
“அன்டிவைரஸை நிறுத்திவிட்டு இயக்கவும்” என்றிருந்தது.
நிறுத்தினேன்.
படலையைத் திறந்து, நாயையும் கட்டிப்போட்டு,
வாங்கோ என்று சொன்னது நான்தான்.

விடிய ஐந்து மணி, கோண்டாவில்.
மின்விசிறியைவிடப் பலமாய் இரைந்தது பெட்டி.
ஆறு வருடத்துப் பிறப்புகள், கலியாணங்கள்,
இறப்புகள், இரண்டு விவாகரத்து,
யாரோவின் நாலு பரப்புக் காணி:
எல்லாப் பெயருக்கும் பின்னால்
ஒரே குடும்பப்பெயர்,
நாலே எழுத்து,
எந்த மொழியிலும் இல்லாதது.

நடுத்திரையில் ஒரு கடிதம்.
“கவலைப்படாதீர்” என்று தொடங்கியது.
மரியாதையான ஆங்கிலம். இரண்டு இடத்தில் வினைச்சொல் பிழை.
தொளாயிரத்து எண்பது டொலர்.
எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் அரைவிலை,
திருவிழாக்கால மலிவுவிற்பனை போல.

மற்றவர்கள் எழுதியதை மொழிபெயர்த்து
அடியில் முத்திரை குத்துகிறவள் நான்.
கை சும்மா இருக்கவில்லை.
பென்சில் எடுத்து அதையும் தமிழாக்கினேன்:
“உமது கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுள்ளன.
திறப்பு எம்மிடம் மாத்திரமே உண்டு.”
தமிழில் வந்தபிறகு
ஈடு மீளாதவருக்கு நொத்தாரிசு போடும் கடிதம் போல
பழகிய குரலாய் இருந்தது.
நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

கஸ்தூரியார் வீதித் துவாரகன் போனில் கத்தினான்:
“அக்கா, முதல்ல வயரைப் பிடுங்குங்கோ.
றவுட்டரை நிப்பாட்டுங்கோ.
காசு மட்டும் கட்டாதேங்கோ.
கட்டியும் தராட்டி ஆரிட்டைப் போய் முறையிடுவியள்?”

பின்னேரம் வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
பூட்டிய கோப்புகளையும் ஒரு பிரதி எடுத்து வைத்தான்:
“ஆராவது ஒருநாள் இதுக்குத் திறப்பு வெட்டுவாங்கள்.”
பிறகு எல்லாவற்றையும் அழித்தான்.

வெறுந்திரை. நீலம்.
உங்கள் நாட்டைத் தெரிவுசெய்க என்றது பெட்டி,
அன்றைக்குத்தான் பிறந்ததுபோல.
நாட்டைத் தெரிவுசெய்யப் போகிறவர்களுக்காகத்தான்
நான் இவ்வளவு நாளும் தட்டச்சு செய்தது.

கடவுச்சொற்களை என் போனிலிருந்து மாற்றினேன்.
அதுவரை எல்லாவற்றுக்கும்
மகன் பிறந்த திகதி.

அலுமாரியில், சீலைகளுக்கு அடியில்
உறுதியும் அடையாள அட்டைகளும் வைத்த தோள்பை.
கதவடியில் ஒரு பை ஆயத்தமாய் வைத்துத்
தூங்கின ஊர் இது.
கடதாசி போட்டுப் பழகின பைக்குள்
டிஸ்க்கும் கிடந்தது. தூசு.
கடைசியாய்ப் பதிந்தது பெப்ரவரி பதினாறு.
இன்று செப்டெம்பர் ஐந்து.

நடுவில் ஆறரை மாதம்.
ஸ்கூட்டியை எடுத்தேன்.
இணுவிலில் நாகபூஷணி வீட்டு
குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஒரு பிறப்பு.
குருநகரில் அமிர்தநாதரின் மனைவி
அந்தோனியார் படத்துக்குப் பின்னாலிருந்து
ஒரு இறப்பை எடுத்துத் தந்தா,
தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொன்னா.
சுன்னாகத்தில் ஒருவர் கதவைப் பாதி திறந்து சொன்னார்:
“அந்தக் கலியாணம் முறிஞ்சிட்டுது பிள்ளை.
கடதாசியை எரிச்சிட்டம்.”
அதைத் திரும்பத் தட்டச்சு செய்யவில்லை.

நாற்பத்தொன்று கிடைத்தது. பதினெட்டு இன்னும் இல்லை.
ஒவ்வொன்றாய் ஸ்கான் செய்தேன்.
என் கையெழுத்து, என் முத்திரை,
நானே எழுதிய வரி:
“மூலத்துடன் ஒப்பிடப்பட்டது.”

இப்போது வெள்ளிக்கிழமைகளில்
டிஸ்க்கைச் செருகி, பதிந்து, கழற்றி, பைக்குள்.
கழற்றுவதுதான் முக்கியம் என்கிறான் துவாரகன்.
இன்னொன்று மானிப்பாயில், தங்கச்சி வீட்டில்,
எங்கே வைத்தாள் என்று கேட்க வேண்டும்.

பென்சிலால் எழுதிய அந்தக் கடிதமும்
கோவையில் இருக்கிறது.
இலக்கம் போட்டேன்.
முத்திரை குத்தவில்லை.