இருபத்தாறு டிகிரி

ராதோவான் எடுத்துப் போனவை:
காபி எந்திரம், இரண்டு நாற்காலி, பனிச்சறுக்குக் கட்டைகள்.
விட்டுப் போனது ஒரு மீன் தொட்டி,
அதில் ஒரே ஒரு கப்பி, வயிறு பருத்தது.
தின்று கொழுத்தது என்றுதான் நினைத்தேன்.
அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

ஒஸ்ட்ராவாவில் ஜனவரி. ஆறாவது மாடி.
கையில் கிரீஸ் வாடையோடு வந்து விளக்கைப் போட்டால்
தண்ணீரெங்கும் காற்புள்ளிகள்.
வாக்கியம் எதுவும் இல்லை, வெறும் காற்புள்ளிகள்,
ஒவ்வொன்றிலும் இரண்டு கண்.

எண்ணினேன். முப்பத்தொன்று.
எண்ணி முடிப்பதற்குள் தாய் திரும்பி
ஒன்றை விழுங்கியது. முப்பது.
அதன் முகத்தில் கோபமில்லை, பசிகூட இல்லை.
எதிரே வந்தது, வாய் திறந்தது, அவ்வளவுதான்.
ஜாடியில் மிச்சமிருந்த ஏழு ஊறுகாய் வெள்ளரியையும்
நின்றபடியே தின்று தீர்த்து
மூன்று முறை அலசி, தொட்டித் தண்ணீரே ஊற்றி,
தாயை அதில் விட்டேன்.

லிஃப்ட் பழுது பார்ப்பவள் நான்.
எந்தக் கம்பி எத்தனை டன் தாங்கும், தெரியும்.
இமைமுடியளவு உயிர் எவ்வளவு தின்னும், தெரியாது.
அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்தேன்.
பசிக்குமே என்று இன்னும் கொஞ்சம்.
பாவம் என்று இன்னும் கொஞ்சம்.
காலையில் தண்ணீர் கஞ்சியாய்க் கலங்கிக் கிடக்க
பன்னிரண்டு மிதந்தன.
பட்டினியால் அல்ல,
என் பரிவால்.

கடைப் பையன் லுபோர், புருவத்தில் வளையம்,
போனிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்:
"ஊசி முனையளவு எடுங்க. அதிலும் பாதி போடுங்க.
குழாய்த் தண்ணியை ஒரு நாள் வாளியில வைங்க.
வடிகட்டி வாயில பழைய ஸ்டாக்கிங் கட்டுங்க."
அன்றிரவு வடிகட்டியைத் திறந்து பார்த்தேன்.
அதைச் சொல்ல வேண்டாம்.
பதினாறு.

பீர் பாட்டிலில் உப்புத் தண்ணீர், இறால் முட்டை,
மேலே மேஜை விளக்கு.
இரண்டு நாளில் ஆரஞ்சுத் தூசி துடித்தது.
ஒரு சொட்டு விட்டேன்.
கண்ணாடி வயிறுகள் ஒவ்வொன்றாய் நிறம் பிடித்தன,
அந்தி நேரத்துத் தெருவிளக்குகள்போல்.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
கீழ் வீட்டில் கூரையைத் தட்டினார்கள்.

மின்சாரம் போன இரவு மைனஸ் பதினாலு.
கூடவே தொலைபேசி: ஹ்ராபூவ்காவில்
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
லிஃப்டில் ஒரு பெண், தனியாக.
தொட்டிக்கு என் போர்வையைச் சுற்றினேன்,
அதன்மேல் ராதோவான் மறந்துபோன கம்பளிக் கோட்டை.
இருபத்தாறு என்றது வெப்பமானி.

பிரேக்கைக் கையால் தளர்த்தி
விரல்கடை விரல்கடையாய்க் கூண்டை இறக்கினேன்.
கதவிடுக்கில் டார்ச் அடித்தால் இரண்டு கண்.
"பயப்படாதீங்க, காத்து நிறைய இருக்கு."
அவளுக்குத்தான் சொன்னேன், பெரும்பாலும்.
வெளியே வந்ததும் அவள் மணி கேட்டாள்.
எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

பத்தொன்பது டிகிரி.
அடித்தரையில் சருகுத் துணுக்குகளாய்க் கிடந்தன.
கேஸ் அடுப்பில் வெந்நீர்; பாட்டில்களில் அடைத்து
மிதக்க விட்டேன், ஆற ஆற மாற்றினேன்.
காற்றுக்கு வேறு வழியில்லாமல்
கோப்பையால் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றினேன்,
மெல்ல, ஒரு மூலையில்.
விரல் விறைத்த பிறகும்.

ஐந்தேமுக்காலுக்கு ஹீட்டரில் சிவப்புப் புள்ளி.
அதன் பக்கமாய் ஒன்று அசைந்தது.
கொஞ்சம் கழித்து இன்னொன்று.
அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

பிப்ரவரியில் கூப்பிட்டான், கோட்டுக்காக.
போகிற போக்கில் கேட்டான்: "மீன் இருக்கா?"
"எந்த மீன்?" என்றேன்.
கிண்டல் என்று நினைத்து வைத்துவிட்டான்.

தனித் தொட்டியில் தாய் மறுபடி பருத்திருக்கிறது.
ஆண் வாசமே இல்லாமல் எப்படி என்றேன் லுபோரிடம்.
ஒரு தரம் போதுமாம். உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு
மாதக்கணக்கில் தானே பார்த்துக்கொள்ளுமாம்.

வரும் வழியில் ஒரு ஜாடி வெள்ளரி வாங்கினேன்.
இந்த முறை பெரிய ஜாடி.